எதுக்கும் ஓர் அங்குலம் கூடவே இருக்கட்டுமா? வீடு கட்டும் வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களை மேசையில் பரப்பிவைத்துப் படித்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. ஊர் வேறு, வீடு வேறு, பட்ஜெட் வேறு. ஆனால் பாதிக் கடிதங்களில் யாரோ ஒரு மேஸ்திரியோ மாமனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் அப்பா கொத்தனார். அவரும் இதைச் சொன்னவர்தான். திருநெல்வேலிப் பக்கம் 26 வருடமாகச் சைட்டில் நிற்கிற எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வார்த்தை. அதனால் அதைச் சுற்றி வந்த கேள்விகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன்.

மேடம், 900 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டுகிறோம். வரைபடத்தில் மேல்தளம் 5 அங்குலம் என்று பொறியாளர் போட்டிருக்கிறார். மேஸ்திரியோ, "ஆறு அங்குலமா போட்டுடுவோம், எதுக்கும் இருக்கட்டும், நாளைக்கு மாடி எடுக்கலாம்" என்கிறார். கனம் கூடினால் நல்லதுதானே?
— தென்காசி வாசகர்

மேஸ்திரியின் மனசை நான் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். 900 சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 75 கன அடி கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் அதற்குக் கிட்டத்தட்ட 17 மூட்டை சிமெண்ட். எடை ஐந்து டன்னுக்கு மேல். மொட்டை மாடியில் 1,700 செங்கலை அடுக்கிவைத்துவிட்டு அதன் கீழே ஆயுள் முழுக்கக் குடியிருப்பது மாதிரி. அந்தச் சுமை பீமுக்குப் போகும், தூணுக்குப் போகும், அஸ்திவாரத்துக்குப் போகும். அவற்றையெல்லாம் உங்கள் பொறியாளர் 5 அங்குலத்துக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். நாளைக்கு மாடி எடுப்பதாக இருந்தால் இன்றைக்கே அஸ்திவாரத்திலும் தூணிலும் அதற்கு வழி வைக்கவேண்டும். தளத்தின் கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த 17 மூட்டைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் ஊரை ஒட்டிய தாழையூத்தில் 1949இலேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புகைபோக்கியைக் காட்டி, "அங்கதான் கல்லை வேகவைக்கிறாங்க" என்பார் அப்பா. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவை வேகவைத்தால் சூளையில் மிஞ்சுவது 56 கிலோதான். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. அடியில் எரிக்கிற நிலக்கரியின் புகை இதில் சேராது. கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்த வாயு இது. ஆலை முழுவதையும் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ வந்தே தீரும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆகவே என்னைக் கேட்டால் சுற்றுச்சூழலுக்கு உகந்த சிமெண்ட் மூட்டை என்பது பிரிக்காமல் கடைக்கே திருப்பி அனுப்பிய மூட்டை.

கூடுதல் அங்குலத்தை விடுங்கள். தளம் போடும் நாளில் நீங்கள் நிற்கவேண்டிய இடம் மிக்சர் பக்கம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மிஞ்சிப்போனால் 27. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்கவேண்டும். ஆனால் கொட்டினால் ஓடுகிற கலவைதான் ஆட்களுக்கு வசதி. டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் இன்னும் அரை வாளி உள்ளே போயிருக்கும். அந்த உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டைச் சல்லடையாக்கிவிட்டுப் போகும். கம்பிக்குத் துரு வருவது அந்த வழியாகத்தான். கலவை இளகவேண்டுமானால் பிளாஸ்டிசைசர் வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு ஊற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது மிதி. பீமுக்கு மேலே ஓடும் மேல் கம்பிகளை ஆட்கள் ஏறி மிதித்து அடியில் படுக்கவைத்துவிடுவார்கள். ஆறரை அங்குலத் தளம் ஒன்று பீம் ஓரமாக நீளத்துக்கு வெடித்ததை உடைத்துப் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கவேண்டிய கம்பி நாலு அங்குலம் கீழே கிடந்தது. கனம் காப்பாற்றவில்லை. நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் சொருகாமல், கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் கட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். அந்த 17 மூட்டைக் காசில் இது எத்தனையோ மடங்கு நடக்கும்.

எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் எழுப்ப ஆசை. கேரளத்தில் உறவினர் வீட்டில் பார்த்தேன், வெயிலில்கூட உள்ளே குளுமையாக இருந்தது. இங்கே கொத்தனார், "உள்ள பொக்கையா இருக்கும்மா, பாம்பு குடி வந்துடும், மாடி தாங்காது" என்று பயமுறுத்துகிறார்.
— பொள்ளாச்சி வாசகி

பாம்புக்கு வாசல் வேண்டுமே அம்மா! அடி வரியும் மேல் வரியும் அடைத்துக் கட்டிய சுவருக்குள் அது எப்படிப் போகும்?

தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இந்த முறையில் செங்கல்லை 3 அங்குலப் பக்கம் கீழே வருமாறு நிறுத்திவைத்துக் கட்டவேண்டும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் 3 அங்குல இடைவெளி. இரண்டையும் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கல், அதுவும் நிறுத்திவைத்ததுதான். சுவரின் மொத்த அகலம் அதே 9 அங்குலம். 100 சதுர அடிச் சுவருக்குச் சாதாரணமாக ஆயிரம் கல் பிடிக்கும் என்பது கொத்தனார்கள் கைக்கணக்கு. இதில் 750 போதும், கலவையும் குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. உங்கள் உறவினர் வீட்டுக் குளுமைக்கு அதுதான் காரணம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் உள்ளூரில் இன்னமும் நிற்கிறது. 'உள்ளூர்' என்பது அங்கே ஓர் இடத்தின் பெயர், நம் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாடி? முறையாகக் கட்டினால் இரண்டு தளம் வரை சுவரே தாங்கும். தரைமட்டத்துக்குக் கீழே இந்தக் கட்டு வேண்டாம். மூலைகள், கதவு ஜன்னல் ஓரங்கள், ஜன்னல் அடிவரி, லிண்டலுக்குக் கீழ்வரி, தளம் உட்காரும் வரி, இவற்றையெல்லாம் கெட்டியாக அடைத்துக் கட்டவேண்டும். கல் ஒரே அளவாக, விளிம்பு கூராக இருக்கவேண்டும். வயர்கட் அல்லது நல்ல சேம்பர் கல் சரி. கோணல்மாணலான நாட்டுச் செங்கல் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். மின்சாரக் குழாயை முதலிலேயே திட்டமிட்டு அந்தப் பொக்கைக்குள் விட்டுவிடலாம். கட்டி முடித்த பிறகு சுவரை வெட்டுகிற வேலை ஆகாது.

இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்தவள் நான். 2009இல் என் சொந்த வீட்டு வடக்குச் சுவரை இப்படிக் கட்டினோம். கட்டிய மேஸ்திரி, என் அப்பாவோடு வேலை பார்த்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். முதல் இரண்டு வரியைப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக் காட்டினேன். "புரிஞ்சிட்டு பாப்பா, நீ போ" என்றார். நாலு நாள் வேறு சைட். திரும்பி வந்தால் கல் இருப்பு உதைக்கிறது. மிச்சம் இருக்கவேண்டிய கல்லைக் காணோம். சுவரும் அதே உயரம்தான், களவும் போகவில்லை. கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். 'டொண்' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'டொக்' என்றது. ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் பொக்கை முழுக்க அரைச் செங்கலும் கலவையும்!

"என்ன மாமா இது?"

"இல்ல பாப்பா, பொக்கையா விட மனசு வரல. உங்கப்பன் இருந்தா என்னைத் திட்டுவான். எதுக்கும் இருக்கட்டும்னுதான் கொஞ்சம்போல அடைச்சேன்."

திட்ட வாய் வரவில்லை. சுவரை இடிக்கவும் இல்லை. லிண்டலுக்கு மேலே இருந்த பாக்கியை மட்டும் சொன்னபடி கட்டினோம். மே மாத மதியத்தில் அந்தச் சுவரின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மார்பு உயரத்தில் ஒரு சூடு, தலைக்கு மேலே ஒரு சூடு. வீட்டுக்கு வருகிற கொத்தனார்களின் கையைப் பிடித்து அங்கே வைத்துவிடுவேன், அதற்கு மேல் பேச்சே தேவைப்படாது.

உங்கள் கொத்தனாரிடம் வாதாட வேண்டாம். காம்பவுண்டுச் சுவரையோ மோட்டார் அறையையோ முதலில் இப்படிக் கட்டச் சொல்லுங்கள். கை பழகிவிட்டால் மனசும் பழகும். கூலி மட்டும் கொஞ்சம் கூடக் கேட்பார், ஆரம்பத்தில் வேலை மெதுவாகத்தான் போகும். கொடுத்துவிடுங்கள்.

53 கிரேடு சிமெண்ட் பலமா, பி.பி.சி. பலமா?
— ஈரோடு வாசகர்

53 என்பது 28ஆம் நாள் பலத்தின் எண். சாம்பல் கலந்த சிமெண்டான பி.பி.சி.க்கு அன்றைக்குக் குறைந்தபட்சம் 33 இருந்தால் போதும் என்கிறது தரநிர்ணயம். ஆனால் பி.பி.சி.யின் பலம் 28ஆம் நாளோடு நின்றுவிடாது, மெதுவாக ஏறிக்கொண்டே போகும். அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல். அத்தனை பங்கு கல்லை வேகவைக்கவேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் பி.பி.சி. தாராளம். ஒரே நிபந்தனை தண்ணீர். நம் வெயிலுக்குத் தளத்தில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்கவேண்டும். ஏழாம் நாளே பாத்தியை உடைப்பவர்களுக்கு எந்த சிமெண்டும் ஒன்றுதான்.

சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து, சூளையில் வெந்து வரும் கிளிங்கர் கட்டியைப் பாதியாகக் குறைத்த புது வகை ஒன்று, எல்.சி.3 என்பார்கள். அதற்கு 2023இல் இந்தியத் தரநிர்ணயம் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.க்கும் அந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. உங்கள் ஊர்க் கடைக்கு வரும்போது பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். இடிக்கிற காண்டிராக்டர், "கல்லு, மரம், கதவு எல்லாம் நானே எடுத்துக்கிறேன், இடிகூலி வேண்டாம்" என்கிறார். சரிதானே?
— மதுரை வாசகர்

அவருக்கு ரொம்பச் சரி!

முதலில் ஒரு கேள்வி. இடித்தே ஆகவேண்டுமா? சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வீடுகளில் கெட்டுப்போவது கூரையின் ஒழுகலும் தரையோரத்து ஓதமும்தான். ஓதம் ஏறிய சுவருக்கு யாராவது சிமெண்ட் பூச்சு அடித்திருந்தால் அதை உரித்தாலே பாதி நோய் தீரும். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடுகிற சுவர். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி மேலே ஏறும்.

இடித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சுவரில் பத்துக் கல்லை மட்டும் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் உடையாமல் தனியாகக் கழன்று வரும், இரண்டு தட்டுத் தட்டினால் சாந்து உதிர்ந்துவிடும். சிமெண்ட் கலவையில் கட்டிய கல்லில் இதைச் செய்து பாருங்கள், கல் உடையும், கலவை உடையாது. கலவை எப்போதும் கல்லைவிடக் கொஞ்சம் சாதுவாக இருக்கவேண்டும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், 1:4 போட்டுக்கொண்டிருக்கிறோம். 9 அங்குலச் சுவருக்கு 1:6 போதும்.

சுண்ணாம்பில் இன்னொன்றும் உண்டு. சூளையில் விட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியை அது இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. உங்கள் தாத்தா வீட்டுச் சுவர் அந்தக் கடனை எப்போதோ அடைத்திருக்கும்.

எடுத்த கல்லில் கீழ் மூன்றடிக் கல்லை ஒதுக்கிவிடுங்கள். அதில் உப்பு ஏறியிருக்கும், புதுச் சுவரிலும் பூக்கும். மற்றதில் ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கிறதா, நகத்தால் கீறினால் கோடு விழாமல் இருக்கிறதா, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்தால் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தேறியதை உள்சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடி மெட்ராஸ் டெரஸ் வகையாக இருந்தால் தேக்கு உத்தரமும் அதன்மேல் சாய்வாக அடுக்கிய மெல்லிய ஓட்டுக்கல்லும் கிடைக்கும். அதற்கென்றே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தத்தையும் விலை பேசிவிட்டு அப்புறம் காண்டிராக்டரிடம் பேசுங்கள்.

சாம்பல் கல் வாங்கிச் சுவர் எடுத்தோம். பூச்சில் எங்கு பார்த்தாலும் மயிர்க்கோடாக வெடிப்பு. ஏமாந்துவிட்டோமா?
— கோவில்பட்டி வாசகி

கல்லைக் குறை சொல்வதற்கு முன்னால் அது எத்தனை நாள் கல் என்று கேட்டீர்களா? சாம்பல் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலோடு சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து, குவாரித் தூளும் கலந்து அச்சில் அழுத்தி, தண்ணீர் காட்டியே இறுகவைக்கிறார்கள். இறுகும்போதும் காயும்போதும் கொஞ்சம் சுருங்கும். மூன்று வாரமாவது ஆறிய கல்லாக இருந்தால் அந்தச் சுருக்கம் களத்திலேயே முடிந்துவிடும். பச்சைக் கல்லை லாரியில் ஏற்றி அனுப்பினால் உங்கள் சுவரில் வந்து சுருங்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் உங்கள் ஊருக்குக் கல் சூடாகவே வந்து இறங்குகிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் தண்ணீர். செங்கல்லை ஊறப்போடுவதுபோல இதை ஊறப்போடக் கூடாது, லேசாகத் தெளித்தால் போதும். மூன்றாவது, தூணும் சுவரும் சேருகிற இடத்தில் வலை அடித்தார்களா? வெடிப்பு அந்தக் கோட்டில் மட்டும் நேராக ஓடினால் காரணம் அதுதான். மயிர்க்கோடு சுவருக்கு ஆபத்தில்லை. ஒரு கோடைகாலம் போகட்டும், சுருங்கவேண்டியது சுருங்கி முடியட்டும். அதற்குப்பின் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடியுங்கள். இப்போதே அடித்தால் இரண்டு முறை செலவு.

ஆரோவில்லில் மண் கல் வீடு பார்த்தோம். எங்கள் மனையில் தோண்டுகிற மண்ணிலேயே கல் அறுக்க முடியுமா?
— திண்டிவனம் வாசகர்

மண்ணைப் பொறுத்தது. மேல் மண் ஓர் அடியை வழித்துத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள், அதில் மட்கு இருக்கும், கல்லுக்கு ஆகாது. கீழ் மண்ணில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி, ஒரு நாள் ஆடாமல் வையுங்கள். அடியில் சரளையும் மணலும், மேலே வண்டல், அதற்கு மேலே களி என்று வரிவரியாகப் படியும். மணல் பாதி, களி ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கிட்டத்தில் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். நூறு கிலோ மண்ணுக்கு ஐந்து கிலோ சிமெண்ட், அழுத்தும் எந்திரம், 28 நாள் ஈரம். சூளையும் விறகும் கிடையாது. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் இப்படிச் சூளை ஏறாத கல்தான். கரிசலாக இருந்தால் நடக்காது, ஊறி உப்பும், காய்ந்து வெடிக்கும்.

மண் கல் என்றதும் மழையில் கரையும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கருங்கல் பேஸ்மட்டமும் இரண்டடி நீட்டிய கூரையும் இருந்தால் அந்தப் பேச்சு வராது. ஆரோவில்லின் பார்வையாளர் மையம் 1990களின் தொடக்கத்திலிருந்து அப்படித்தான் மழை வாங்கிக்கொண்டிருக்கிறது. மண் எடுத்த பள்ளத்தை மூடிவிடாதீர்கள், மழைநீர்த் தொட்டி கட்ட அதே இடம்.

கான்கிரீட் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. சொந்த வீடு இல்லை, பெரிய செலவு முடியாது.
— வேலூர் வாசகி

பகலெல்லாம் தளம் குடித்த வெயிலை ராத்திரி உங்கள் மேல் இறக்குகிறது. அது குடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மொட்டை மாடியைத் துடைப்பத்தால் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, உதிராமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு கை அடியுங்கள். முதல் கை காய்ந்த பிறகுதான் இரண்டாவது. கண் கூசும், அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஏறுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு பொத்துவிடும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மார்ச் முடிவதற்குள் அடித்துவிட்டால் கோடைக்குத் தாங்கும். ஐப்பசி மழை கழுவிவிட்டுப் போகும், அடுத்த வருடம் மறுபடி இரண்டு கை.